அமெரிக்காவுக்குப் போகாத அமெரிக்கா அங்கிள்

மெல்பர்ன் முழுக்கச் சலித்தெடுத்தாலும், அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பத்துத் திருத்தங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் ஒப்பிக்கக்கூடிய தமிழர் ஒருவர்தான் கிடைப்பார். அமெரிக்காவிலேயே அப்படி எத்தனை பேர் தேறுவார்கள் என்பது எனக்குச் சந்தேகம். இத்தனைக்கும் அவர் அமெரிக்காவை விமான ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மெல்பர்னின் மேற்கு ஓரத்து ட்ருகனினாவில் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் அமெரிக்கா அங்கிள்.

படிக்க வந்த காலத்தில் அவர் வீட்டுப் பின்னறையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். அறை பார்க்கப் போன அன்று மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் கேட்பதுபோல், மீன் சமைப்பாயா, ராத்திரி குளிப்பாயா என்று அவர் கேட்கவில்லை.

“பிள்ளை, உங்கட குடும்பத்தில ஆமிக்காரர் ஆரும் இருக்கினமோ?”

“இல்லை அங்கிள். அப்பா திருச்சியில பல் டாக்டர்.”

“அப்ப சரி. மூன்றாம் திருத்தத்தால பிரச்சினை இல்லை.”

நான் விழித்ததைப் பார்த்து, அவர் மனைவி சறோ அன்ரி குசினியிலிருந்து குரல் கொடுத்தார். “அவர் அப்பிடித்தான். நீங்கள் சாமானைக் கொண்டு வாங்கோ.”

சமாதான காலத்தில் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் ஒரு சிப்பாயையும் வீட்டில் தங்கவைக்கக் கூடாது என்பதுதான் அந்த மூன்றாம் திருத்தம். பேச்சுரிமை, துப்பாக்கி உரிமை என்று மற்ற திருத்தங்களுக்காக அமெரிக்காவே அடித்துக்கொள்கிறது. இதை யாரும் சீந்துவதில்லை. அங்கிளுக்கோ இதுதான் உயிர். ஊரில் அவர் வீட்டில் யார் யாரோ சீருடையோடு பல வருடம் குடியிருந்தார்கள். சம்மதம் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.

“எழுதி வைச்சிருக்கிறாங்கள் பிள்ளை. வாய்ப் பேச்சில்லை, எழுத்தில. அதுதான் நாடு.”

அமெரிக்க ஜனாதிபதிகளை அங்கிள் திட்டாத நாள் கிடையாது. மாலை நடையில், எதிரே வரும் நாய்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் திட்டுவார். கட்சி பேதம் எல்லாம் இல்லை. ஆனால் உள்ளூரில் குப்பை வண்டி இரண்டு நாள் தாமதமாக வந்தது என்று குறைசொல்ல வேண்டுமென்றால் நடைமுறையே வேறு. இருவரும் குசினிக்குப் போக வேண்டும். கைபேசிகளை அரிசி வாளிக்குள் வைக்க வேண்டும். அடுப்புக்கு மேலே உள்ள புகை விசிறியை மூன்றாம் வேகத்தில் போட வேண்டும். அப்புறம் என் காதருகே வந்து சொல்வார்: “குப்பை இன்னும் எடுக்கேல்லை.”

“இது ஆஸ்திரேலியா அங்கிள். இங்கயும் தாராளமா பேசலாம்.”

“பேசலாம்தான். ஆனா அமெரிக்காவில மாதிரி இஞ்ச சாசனத்தில நேராய் எழுதேல்லை. நான் தேடிப் பார்த்தனான்.”

தேர்தல் நாளில் அவரை வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போனது நான்தான். வாசலில் ஒவ்வொரு கட்சிக்காரரும் நீட்டிய காகிதத்தை வாங்கி, ஒவ்வொருவரிடமும் “உங்களுக்குத்தான்” என்று கிசுகிசுத்துவிட்டு உள்ளே போனார். வாக்குச்சீட்டை அவர் மடித்த மடிப்பில் அது தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. வெளியே வந்து, இங்கே வாக்குச்சாவடி வாசலில் வழக்கமாக விற்கும், ரொட்டியில் சுருட்டிய சாசேஜைச் சாப்பிடும்போது நான் அறியாமல் கேட்டுவிட்டேன், யாருக்குப் போட்டீர்கள் என்று.

“நல்ல வெயில் என்ன பிள்ளை,” என்றார்.

எனக்கு எதைக் கண்டாலும் ஒரு வாதம் செய்தாக வேண்டும். ஒருநாள் கைபேசியில் செய்தியாகக் குவித்து அவர் முன்னால் வைத்தேன். “பாருங்க அங்கிள், உங்க அமெரிக்காவுல போராட்டம் பண்றவங்கள புடிக்கிறாங்க, பத்திரிகைக்காரங்கள மிரட்டுறாங்க. இதுதான் சுதந்திரமா?”

அவர் கண்ணாடியைப் போட்டு எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்தார். “இதெல்லாம் எந்த நாட்டுப் பேப்பர்?”

“அமெரிக்கப் பேப்பர்தான்.”

“எழுதினவன்ர பேர் கீழ இருக்கே?”

“இருக்கு.”

“அவன் நாளைக்கும் எழுதுவானே?”

“எழுதுவான்னுதான் நினைக்கிறேன்.”

“அதைத்தான் நானும் சொல்லுறன்.” கைபேசியை என்னிடம் தந்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. எங்கள் பகுதியின் சமூக மண்டபத்தில் புதன்கிழமை காலைகளில் எட்டு முதியவர்கள் கூடுவார்கள். அங்கிள் ஆங்கிலப் பேப்பரைத் தமிழில் வாசித்துச் சொல்வார். அமெரிக்கச் செய்திக்கு முழுக்குரல், உள்ளூர்ச் செய்திக்கு அரைக்குரல். ஆனாலும் அவர்கள் அந்த ஒரு நாளுக்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருந்தார்கள். அந்த நேரத்தை வேறு வகுப்புக்குக் கொடுத்துவிட்டு இவர்களைப் பெருஞ்சாலைக்கு அந்தப்பக்கம் உள்ள மண்டபத்துக்கு மாற்றப்போவதாக கவுன்சிலிலிருந்து அறிவிப்பு வந்தது. அங்கே போகப் பஸ் கிடையாது. எட்டுப் பேரில் ஒருவருக்கும் கார் கிடையாது. மாற்றினால் கூட்டம் அன்றோடு முடிந்தது.

கவுன்சில் கூட்டத்தில் பொதுமக்கள் கேள்வி கேட்கலாம். ஆனால் பெயரையும் முகவரியையும் முன்கூட்டியே படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். “நான் கேக்கிறேன்,” என்று துள்ளினேன்.

அன்ரி தடுத்தார். “இருபத்தஞ்சு வயசில நீர் முதியோர் சங்கத்துக்கு என்ன முறை? மற்றவைக்கு இங்கிலீஷ் வராது. எனக்கு வரும், ஆனா கோவமும் சேர்ந்து வரும். அவர்தான் கேக்கவேணும்.”

நான் அங்கிளை அவருடைய ஆயுதத்தாலேயே மடக்கப் பார்த்தேன். “முதல் திருத்தத்துல கடைசியா என்ன வரும் அங்கிள்?”

“அரசாங்கத்திட்ட முறையிடுற உரிமை.”

“அப்புறம் என்ன?”

“அது அமெரிக்காவில பிள்ளை.”

படிவம் மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அங்கிள் அதற்கு எதிர்மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் கேலிசெய்ய வாயெடுத்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அன்ரி தலை நிமிராமல் சொன்னார். “ஊரில ஒருக்கா பேப்பருக்குக் கடிதம் எழுதினவர். வாசிகசாலையில இருந்து வாசிக்கக் கதிரை காணாது எண்டு. வேற ஒண்டுமில்லை. கீழ பேரும் விலாசமும் போட்டவர். அடுத்த கிழமை ரெண்டு பேர் வந்தவங்கள். வடிவா இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, ‘கடிதம் நல்லா எழுதுறீங்கள்’ எண்டு சொல்லிட்டுப் போனவங்கள். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு இவர் கடைக்குச் சாமான் லிஸ்ட்டும் எழுதுறேல்லை.”

நான் இன்னொரு கத்தியை எடுத்து அன்ரியோடு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் காலையில் பார்த்தால் படிவம் நிரப்பப்பட்டிருந்தது. அச்சடித்ததுபோல் கையெழுத்து, பின்கோடு வரை.

கூட்டத்தன்று அங்கிள் கோட் போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒரு பயணப்பை. என் காரில் ஏறும்போது ஜிப் பாதி திறந்திருந்தது: ஒரு சாரம், துவாய், பல்துலக்கும் பிரஷ், இரண்டு வாரத்துக்கான பிரஷர் மாத்திரை.

“இது எதுக்கு அங்கிள்?”

“சும்மா பிள்ளை. இருக்கட்டும்.”

கவுன்சிலில் எங்களையும் சேர்த்துப் பதினைந்து பேர் இருந்திருப்போம். பெயர் கூப்பிட்டதும் அங்கிள் எழுந்து மைக் முன்னால் நின்றார். தன் பெயரைச் சொன்னார். மேயர் அம்மாவுக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து சொல்லுங்கள் என்றார். மறுபடி சொன்னார். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையாம். மூன்றாவது தடவை, மாலை நடையில் அமெரிக்க ஜனாதிபதிகளுக்கென்று வைத்திருந்த குரலில் பெயர், வீட்டு எண், தெரு எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு வருடம் அவர் வீட்டில் சாப்பிட்ட எனக்கே அவருடைய முழுப்பெயர் அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் கேள்வி. எட்டுப் பேர், எழுபது வயதுக்கு மேல், பஸ் இல்லை, புதன்கிழமை ஒரு நாள்தான் அவர்கள் வாய்விட்டுப் பேசுகிறார்கள், அறையை விட்டுவைக்க முடியுமா. ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். மேயர் நன்றி சொன்னார், அதிகாரிகள் பரிசீலித்துப் பதில் அனுப்புவார்கள் என்றார், அடுத்த கேள்விக்குப் போனார்.

அங்கிள் அங்கேயே நின்றார். நான் போய்க் கூட்டிவந்தேன்.

“முடிஞ்சுதோ?”

“முடிஞ்சிருச்சு அங்கிள்.”

“ஒண்டும் கேக்கேல்லையே?” முகத்தில் லேசான மனத்தாங்கல்.

அடுத்து எழுந்த பெண்மணிக்குப் பூங்காவில் நாய்களைக் கயிறில்லாமல் விட வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டு, மேயரைப் பார்த்து, நீங்கள் போன வருடம் சொன்னது பொய் என்றார். மேயர் தண்ணீர் குடித்துவிட்டு அதைக் குறித்துக்கொண்டார். அங்கிள் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பேரைச் சொல்லிட்டுத்தான் பொய் எண்டு சொன்னவ. கேட்டனீரே?”

“கேட்டேன் அங்கிள்.”

“அதுவும் ஒரு நாய்க்காக.”

அறை அவர்களுக்கே தொடரும் என்று மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அன்ரி கேசரி கிண்டினார். நான் வேலை கிடைத்து சிட்னிக்கு வந்துவிட்டேன். ஆனால் அங்கிளை நினைத்தால் எனக்கு அந்தக் கடிதம் நினைவுக்கு வருவதில்லை. அன்று காரில் திரும்பிய வழிதான் வருகிறது. மடியில் பையை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். யாரும் வரவில்லை. அப்புறம் மெதுவாக, தனக்குத்தானே, தன் பெயரையும் வீட்டு எண்ணையும் தெருவையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக.

வீட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். நான் திரும்பாமல், அடுத்த ஊரான வெரிபீ வரைக்கும் நேராகப் போனேன்.