இருபது தொட்டி ஆண் ஸ்ட்ராபெரி

மைசூரில் கடல் இல்லை என்பதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் ஃபிட்டர்தான். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர்; என் வீட்டுக்கு எதிர் போர்ஷன்.

ஊட்டி நர்சரி ஒன்றில், கடற்கரை மணலில் வளரும் காட்டு ஸ்ட்ராபெரி என்று ஒரு செடி வாங்கி வந்தார். தொட்டியில் மணல் நிரப்பினார். தினமும் காலையில் லேசாக உப்புத்தண்ணீர் தெளித்தார்.

"கடல் காத்து இல்லாம ஏங்கிடும் சார்!"

செடி ஏங்கவில்லை. மூன்று மூன்றாய்த் தடித்த, பளபளக்கும் இலைகள். ஃபிட்டர் அவற்றின் தடிமனை வெர்னியர் காலிபரால் அளந்து சுவரில் குறித்தார். சிவப்புக் கொடிகள் ஓடி, தொட்ட இடமெல்லாம் வேர்விட்டன. ஒன்று என் செருப்புக்குள் புகுந்துவிட்டது.

"வேர் பிடிக்கட்டும் சார். ரெண்டு நாள் வேற செருப்பு போடுங்க."

இரண்டு வருஷத்தில் இருபது தொட்டி. வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக. பழம் மட்டும் இல்லை. வீட்டுக்கார சாரதம்மாவின் சுவரில் ஈரம் ஏறியது.

"பூ வருது, ஹண்ணு எல்லி ரீ, பழம் எங்கே? இந்த சீசன்ல பழம் வரலன்னா தொட்டி எல்லாம் வெளியே!"

தோட்டக்கலை படித்த ஒருவரிடம் பூவைக் காட்டிவிட்டு ஃபிட்டர் வெளிறிப்போய் வந்தார்.

"இந்த ஜாதியில ஆண் செடி வேற, பெண் செடி வேறயாம் சார். நம்மளது எல்லாம் ஒரே செடியோட கொடி. இருபதும் ஆம்பளை!"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஊட்டி.

"பூத்தாத்தான் பெண்ணான்னு தெரியும்" என்றாராம் நர்சரிக்காரர்.

"பூக்கட்டும். நான் இங்கயே இருக்கேன்."

ஆறு நாள் லாட்ஜில் தங்கி, பெண் செடியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். பெயின்ட் பிரஷால் மகரந்தம் தடவினார். சரியாக ஒரே ஒரு பழம் பழுத்தது, சுண்டைக்காய் அளவு.

சாரதம்மா முன்னிலையில் அதை பிளேடால் இரண்டாக வெட்டினார்.

"மேல விதை மாதிரி இருக்கே, அதுதாம்மா நிஜப் பழம். சிவப்பா இருக்கறது பூவோட அடி வீங்கினது."

சாரதம்மா ஒரு பாதியை வாயில் போட்டார். கண்ணை மூடினார். "இருக்கட்டும் ரீ, தொட்டி."

மறு பாதியை என்னிடம் நீட்டினார் ஃபிட்டர். "நீங்கதான் ரொம்பச் சிரிச்சீங்க. சாப்பிடுங்க."

அவருக்கு மிச்சமில்லை. நான் மென்று விழுங்கும்வரை என் முகத்தைப் பார்த்தபடியே அவரும் சாப்பிட்டு முடித்தார்.