செக்கிங் அண்ணாத்தேயின் ஒற்றைக்கைச் சோதனை

ஒரு மென்பொருளைக் கைக்குழந்தையை வைத்துப் பரிசோதித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான்; அவர் எங்கள் ராயபுரத்துக்காரர். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரலாம்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'செக்கிங்'. நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் உட்கார மாட்டார். நாள்தோறும் ஏறும் மாடிப்படியைக்கூட ஒரு காலால் அழுத்திப் பார்த்துத்தான் ஏறுவார்.

ஆண்டு 2007. நண்பர்கள் 2008 என்பார்கள், தவறு. பொத்தான் ஃபோன்களின் காலம். ஒரு மீன்வலைக் கடையின் மாடியில் முதலாளி, செக்கிங், ஸ்டெல்லா, நான் என்று நான்கு பேர் கொண்ட அலுவலகம். எந்த விசைப்படகு கரை சேர்ந்தது என்பதைக் காசிமேட்டுக்காரர்களின் ஃபோனில் காட்டும் அப்ளிகேஷன் ஒன்றைச் செய்துதர ஒப்புக்கொண்டிருந்தோம். ஃபோனுக்கு நிரல் எழுதத் தெரிந்தவர் ஸ்டெல்லா மட்டுமே. அவருக்கோ அப்போது ஏழாவது மாதம். பிரசவத்துக்குப் பிறகு தண்டையார்பேட்டை வீட்டிலிருந்தே எழுதி, சொன்ன நாளில் முடித்தால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் வேறு ஆள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

எதில் எழுதுவது? நிரல் எழுத, பிழை பார்க்க, திரையிலேயே ஒரு பொம்மை ஃபோனில் ஓட்டிப் பார்க்க என எல்லாவற்றையும் ஓரிடத்தில் தரும் மென்பொருள்கள் இரண்டு கைவசம் இருந்தன. பெரியது பகட்டானது, முதலாளிக்குப் பிடித்தது. சின்னது பார்வைக்குச் சோப்ளாங்கி. தேர்வு செய்யும் பொறுப்பு செக்கிங்கிடம் வந்தது.

மறுநாள் பார்த்தால், இடது தோளில் ஓர் அரிசிப் பையைச் சாய்த்துக்கொண்டு வலது கையால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது?" என்றார் முதலாளி.

"கொயந்த சார். ஸ்டெல்லா வூட்டுல ஒத்தக் கையாலதான அடிக்கப் போவுது? உன் பெரிய ஐட்டத்துல ஓட வுடணும்னா கீபோர்டுல மூணு மூலைல மூணு பட்டனை ஒண்ணா அமுக்கணும். பாவம், அது எங்க போவும் இன்னொரு கைக்கு?"

"அரிசி அழாதுய்யா!"

செக்கிங் யோசித்தார். "கரெக்டு சார்" என்று இறங்கிப் போனார். திரும்பியபோது தோளில் இட்லிக்கடை கஸ்தூரியின் மகன், தவழும் வயது. பின்னாலேயே கரண்டியோடு கஸ்தூரி.

"த பாரு நைனா, புள்ளைக்கு கரண்டு கிரண்டு அடிச்சிது, மாவக் கரைச்சி உன் மூஞ்சில ஊத்திடுவேன்!"

பெரியதைத் திறந்து வைத்ததும் பையன் கீபோர்டை இரண்டு கைகளாலும் அறைந்தான். கேட்காத கட்டங்களெல்லாம் திறந்துகொண்டன. முதலாளி ஆசையாக எழுதிவைத்திருந்த மாதிரி நிரல் மாயமானது. அடுத்து சின்னதைத் திறந்து வைத்ததும் அதேபோல் அறைந்தான். "அழிக்கட்டுமா?" என்று அது பணிவாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

"சின்னதே இருக்கட்டும்" என்றார் முதலாளி, ஈனசுரத்தில்.

அயல்நாட்டு நிபுணர்கள் எழுதிய ஒப்பீடுகளைப் பிறகு தேடித்தேடிப் படித்தேன். வேகம், நினைவகம் என்று அட்டவணை போடுகிறார்கள். கைக்குழந்தைக்கு ஒரு கட்டம் ஒதுக்கியவர் ஒருவருமில்லை.

ஸ்டெல்லாவுக்குப் பெண் பிறந்தது. ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் மதியம் செக்கிங்கும் நானும் தண்டையார்பேட்டைக்குப் போனோம். குழந்தை வீடே அதிர அழுதுகொண்டிருந்தது.

"ஒத்தக் கைல சூப்பரா ஓடுது அண்ணாத்தே" என்றார் ஸ்டெல்லா. கண் கலங்கியிருந்தது. "ஆனா வேல நெறைய கீது. இன்னிக்கி முடியாது."

செக்கிங் தரையில் சம்மணமிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். "குடு."

ஸ்டெல்லா பல வாரங்களுக்குப் பிறகு இரண்டு கைகளாலும் தட்டினார். பொழுது சாயும்போது என் ஃபோனில் படகுகள் வரிசையாக வந்து நின்றன.

"முடிஞ்சிது அண்ணாத்தே! கொயந்தயக் குடுங்க."

செக்கிங் தலையைக்கூட அசைக்கவில்லை.

"ஷ்ஷ்... இப்பத்தான் தூங்குது. நீ இன்னும் எதுனா அடிச்சிகினே இரும்மா."