வேஷம் கலைக்காமல் தூக்கிய கை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். பெரியம்மாவின் முழங்கால் மட்டும் எங்கள் ஆளுகைக்கு வெளியே இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலம் என நம்புகிறேன். வெளிநாட்டுக் கருத்தரங்கில் உன் கட்டுரை நன்றாகப் போயிருக்கும். 'நகரங்கள் நீடித்து வாழும்படி மாறுவதற்கு மக்களைப் பங்கேற்க வைக்கும் வழிமுறைகள்' என்ற உன் தலைப்பைப் பலமுறை படித்துப் பார்த்தேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. பிழை எங்கள் தெருவில் நடந்துவிட்டது.

நீ இல்லாதபோது உன் மாணவி இங்கே நடத்திய கூட்டத்தின் அறிக்கை உனக்கு வந்திருக்கும். மாலை வேளையில் தெருவுக்குள் வண்டி விடாமல் ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்ற உன் திட்டம் ஒரே ஒரு கை வித்தியாசத்தில் தோற்றது என்றும், எதிர்த்துப் பேசிய முதியவர் ஒருவரின் வாதம் கூட்டத்தையே புரட்டிப் போட்டது என்றும் எழுதியிருப்பாள். அந்த முதியவர் நான்தான் அம்மா.

கோபப்படாமல் மேலே படி. இந்தத் திட்டம் நிறைவேற வேண்டும் என்று உன்னைவிட ஆசைப்பட்டவன் நான். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பெரியம்மா தினமும் மூலைப் பூங்கா வரை நடக்க வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லியிருக்கிறார். தெருவின் இரு பக்கமும் கார் நிற்கிறது, நடுவில் ஸ்கூட்டர் பறக்கிறது. அவள் மருந்துக்கடை வரை போய், அங்கிருக்கும் விளம்பரப் பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறாள். இதைக் கூட்டத்தில் சொல்வதற்காக நான்கு வாக்கியம் எழுதி, திருத்தி, படி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம். ஆனால் உன் முறைப்படி யாரும் தன் கட்சியைத் தானே பேசக் கூடாதாமே. ஒருவர் இடத்தில் இன்னொருவர் நின்று பேசினால்தான் மனம் இளகும் என்று உன் மாணவி விளக்கி, வேஷச் சீட்டுகள் போட்ட ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை நீட்டினாள். எனக்கு வந்த சீட்டில், 'இரண்டு கார் வைத்திருப்பவர், திட்டத்தை எதிர்க்கிறார்' என்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் நிஜமாகவே இரண்டு கார் வைத்திருப்பவர், திட்டத்தை எதிர்ப்பவர். அவருக்கு வந்தது, 'நடக்கச் சிரமப்படும் மனைவி உள்ள, ஓய்வு பெற்றவர்.'

அவர்தான் முதலில் பேசினார். தோளைக் குறுக்கிக்கொண்டு எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குன்னு தனியா ஒண்ணும் இல்லீங்க. நீங்கல்லாம் பார்த்து என்ன முடிவு பண்ணாலும் சரிதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்த ஹார்டுவேர் கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். நீங்க பாட்டுக்குக் கண்ணாடியத் தொடைங்க" என்றார்.

பிறகு என் முறை. உத்தியோகம் முழுக்க அச்சகத்தில் பிறர் எழுத்தைப் பிழை திருத்தியவன் நான்; ஒருவர் வாதத்தில் ஓட்டை இருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. டாக்டர் மதில்மேல் சாய்ந்து தினமும் சொல்லும் வாதத்தில் ஏகப்பட்ட ஓட்டை. ஒன்று விடாமல் அடைத்தேன். "தெருமுனையில வண்டிய விட்டுட்டு நடந்து வரச் சொல்றீங்களே, முழங்கால் முடியாதவங்க என்ன பண்ணுவாங்க?" என்றுகூடக் கேட்டேன். பெரியம்மாவின் முழங்காலையே எடுத்து எதிர்க்கட்சிக்குக் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை, ஏனென்றால் எல்லோரும் கைதட்டினார்கள், எனக்காக யாரும் கைதட்டி நான் கேட்டதில்லை. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதத்தான் சார் நான் இத்தன நாளா சொல்ல நெனச்சேன், வார்த்த வரல" என்றார்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். வேஷத்தைக் கலைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும் என்று சீட்டின் பின்பக்கம் அச்சிட்டிருந்ததாம். முன்பக்கத்தை மட்டும் எழுத்தெழுத்தாகப் படித்திருந்தேன். டாக்டர் ஒழுங்காகத் திட்டத்துக்கு எதிராகத் தன் கையைத் தூக்கினார். நானும் அவர் கையைத்தான் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நல்லா பேசினீங்களா?"

"நல்லாத்தான் பேசினேன் போலிருக்கு."

"போகட்டும். கல்யாணம் ஆனதுலேர்ந்து இன்னிக்காவது வாயத் திறந்தீங்களே" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டாள் என்றே நினைக்கிறேன். தெருவும் அமைதியாக இருக்கிறது. ஆகவே, உன் நேரம் பார்த்து, அவசரமில்லாமல், என் கையைச் செல்லாததாக்கி இன்னொரு கூட்டம் நடத்த முடியுமா? எனக்கு வாயில்லாத வேஷமாகக் கொடுத்தால் நல்லது. விளக்குக் கம்பம் இருந்தால் போதும்.

உன் ஆராய்ச்சி தழைக்கட்டும். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசி.

அன்புள்ள
பெரியப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது வெளியே ஒரே ஹார்ன் சத்தம். பெரியம்மா ஹார்டுவேர் கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை வாங்கி, மருந்துக்கடைக்கு எதிரே நட்டநடுத் தெருவில் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "பூங்காவுக்குத்தான் போறேன். கால் வலிக்குது, உக்காந்து போறேன். உங்களுக்கு அவசரம்னா நடந்து போங்க" என்கிறாளாம். டாக்டரின் இரண்டு காரும் அவளுக்குப் பின்னால் நிற்கின்றன. எதிர்வீட்டு அம்மாவும் இன்னும் சிலரும் தங்கள் நாற்காலிகளோடு வந்துவிட்டார்கள். டாக்டர் இப்போது என் வாசலில் நின்று, "சார், எங்க பக்கத்துக்குப் பேச உங்கள விட்டா ஆள் இல்ல, வாங்க" என்று கெஞ்சுகிறார். வரமாட்டேன் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. தலையை ஆட்டிவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு, இன்னொரு கூட்டம் வேண்டாம், கிளம்புகிறேன். கையில் ஒரு நாற்காலி எடுத்துக்கொண்டுதான் போகிறேன். டாக்டர் அதைத் தனக்கென்று நினைத்து நன்றி சொல்கிறார்.