சம்பந்தி குனிய மாட்டார்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கோணேசர் மலை உச்சியில் உள்ளங்கையில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துக்கொண்டு கேட்டாலும் இதையேதான் சொல்ல வேண்டிவரும். கை சுட்டால் கொஞ்சம் வேகமாகச் சொல்ல வேண்டிவரும், அவ்வளவுதான்.

சாம்பல்தீவில், மகனுக்குப் பேசிய பெண்ணின் வீட்டு விறாந்தையில், யோகலிங்கத்தாருக்கு முன்னால் ஒரு வெற்றிலைத் தட்டம் நீட்டப்பட்டிருந்தது. நீட்டியவர் பெண்ணின் தகப்பன் சின்னராசா. கொடுப்பவர் கொஞ்சம் குனிந்து கொடுக்க வேண்டும், வாங்குபவர் கொஞ்சம் குனிந்து வாங்க வேண்டும். மரியாதை என்றால் அதுதான்.

யோகலிங்கத்தாரால் குனிய முடியாது. அவருடைய முள்ளந்தண்டு உடைந்திருந்தது.

துறைமுகத்து இழுவைப் படகில் வேலை செய்து, மலை மலையாக வந்த கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிய மனிதர் அவர். ஓய்வு பெற்றபின் ஒருநாள் குசினி வாசலில் நின்று தும்மினார். உள்ளே மனைவி புவனேஸ் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தும்மலில், கோட்டையிலிருந்து வந்து முற்றத்து வாழைக்குருத்தை மேய்ந்துகொண்டிருந்த மான்கள் திரும்பக் கோட்டைக்குள் ஓடிப்போய் மூன்று நாள் வெளியே வரவில்லை. முதுகுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எலும்பு தேய்ந்த வயதில் ஒரு தும்மலே போதும் என்றார் டொக்டர்.

"இது வெளியில தெரியப்படாது" என்றாள் புவனேஸ். "தகப்பனுக்கு எலும்பு வருத்தம், பரம்பரையில இருக்கு எண்டு கதை போனா, தர்சனுக்கு ஒருத்தரும் பொம்பிளை தராயினம்."

முப்பத்தைந்தைத் தாண்டிய மகன். அனுப்பிய சாதகமெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன. யோகலிங்கத்தார் வாயைத் தைத்துக்கொண்டார்.

உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குத் தர்சன்தான் கூட்டிப்போவான். யாரும் கண்டுவிடுவார்கள் என்ற பயத்தில் யோகலிங்கத்தார் கடற்கரைப் பக்கத்துப் பின் கேற்றால் போய்ப் பின் கேற்றாலேயே வருவார். முன் வாசலில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்து பெயர் பதிவது, அடுத்த முறை வரவேண்டிய நாளைக் கேட்பது எல்லாம் தர்சனின் வேலை. தகப்பன் மறந்தாலும் மகன் கிளினிக் நாளை மறக்க மாட்டான். தலைக்கு எண்ணெய் வைத்து, சேட்டுக்கு அயன் போட்டு, விடியவே வாசலில் நிற்பான்.

"இப்பிடி ஒரு பிள்ளை ஆருக்குக் கிடைக்கும்!" என்று புவனேஸ் கண் கலங்குவாள்.

பிசியோ செய்கிறவள் ஷிஃபானா, கிண்ணியா ஊர்ப் பிள்ளை. முதல் நாளே சொல்லிவிட்டாள். "படுத்தே கிடந்தா எலும்பு இன்னும் கரைஞ்சிடும், ஐயா. எழும்பி நடக்கணும். ஆனா முதுகை வளைச்சு முன்னுக்குக் குனியவே கூடாது. உச்சந்தலையில கயிறு கட்டி மேல இழுக்கிறாங்க எண்டு நினைச்சுக்கிட்டு நில்லுங்க."

கயிறு கட்டி இழுப்பது யோகலிங்கத்தாருக்கு விளங்கிய விஷயம். சுவரோடு குதிக்காலையும் பின்தலையையும் ஒட்டி நின்றார். தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்தார். சேட்டுக்குள் முதுகுப் பட்டியை இறுக்கினார். ஒரு மாதத்தில் எவ்வளவு நிமிர்ந்துவிட்டார் என்றால், கடற்படை முகாம் வாசலில் நின்ற காவல்காரன், யாரோ ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி என்று நினைத்துத் தினமும் சல்யூட் அடித்தான். இவரும் திருப்பி அடித்தார். குனியத்தானே கூடாது, கையைத் தூக்கலாம்.

இப்போது வெற்றிலைத் தட்டம் நடுவில் நின்றது. ஷிஃபானா பழக்கியபடி முதுகை நேராக வைத்துக்கொண்டு, முழங்காலை மட்டும் மடித்து யோகலிங்கத்தார் கீழே இறங்கினார். கிணற்றுக்குள் வாளி இறங்கியது மாதிரி இருந்தது.

எதிரே பார்த்தார். சின்னராசாவும் அதேமாதிரி, முதுகை விறைத்துக்கொண்டு, வாளியாக இறங்கிக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தபடி மேலே வந்தார்கள்.

"என்னைப் பகிடி பண்ணிறான்" என்றார் யோகலிங்கத்தார், ஓட்டோவுக்குள் ஏறியதும். "நான் இறங்கினது மாதிரியே இறங்கிக் காட்டிறான்."

"உங்களுக்கு விசர். அந்தாள் உங்களை ஏன் பகிடி பண்ணப் போறார்?" என்றாள் புவனேஸ்.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. டேய் தர்சன், உன்ர மாமனார் எப்பவும் இப்பிடியே?"

"எனக்கென்னப்பா தெரியும்? நானும் ஆளை இண்டைக்குத்தானே காணுறன்" என்று தர்சன் வெளியே கடலைப் பார்த்தான்.

அடுத்த நாளே சாம்பல்தீவிலிருந்து கதை வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனுக்குத் தலைக்கனம், விறைத்த கட்டை மாதிரி நிற்கிறாராம், சின்னராசா கொதிக்கிறாராம்.

புவனேஸ் ஒரு வழி கண்டுபிடித்தாள். "வெள்ளிக்கிழமை பொம்பிளை வீட்டுக்காரரும் கோயிலுக்கு வருகினம். நீங்க சாமிக்கு முன்னால பணிவாக் கும்பிடுங்கோ. அந்தாள் பாக்கட்டும்."

"கோயிலுக்குள்ள சேட்டைக் கழட்டினாப் பட்டி தெரியுமடி."

"சால்வையைச் சுத்துங்கோ."

ஒரு சால்வை போதவில்லை. மூன்று சால்வையைச் சுற்றினார். கோயிலுக்குள் போனபோது சுருட்டி வைத்த பாய் நடந்து வருவது போலிருந்தது. அங்கே தூணுக்குப் பக்கத்தில் இன்னொரு பாய் நின்றது. சின்னராசா. அவருடைய இடுப்பைச் சுற்றியும் ஒரு துணிக்கடை.

தீபாராதனை நடந்தது. மணி அடித்தது. யோகலிங்கத்தார் முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் மெல்லச் சரிந்தார், துறைமுகத்துப் பாரந்தூக்கி கை தாழ்த்துவதுபோல. அடுத்த தூணிலிருந்து இரண்டாவது பாரந்தூக்கியும் சரிந்தது. ஐயர் விபூதித் தட்டத்தோடு நடுவில் அகப்பட்டு இருபக்கமும் பார்த்தார்.

"சந்நிதியிலயுமா?" என்று சின்னராசா பல்லைக் கடித்தார்.

"அதைத்தான் நானும் கேக்கிறன்!" என்றார் யோகலிங்கத்தார்.

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தைவிட யோசனைதான் அதிகமாக இருந்தது. முன்பின் தெரியாத மனிதர். வீடு, வயல், நல்ல குணம் என்று தரகர் சொன்னவர். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கள்ளக்கூத்து எதற்கு? அதைவிட, தான் எப்படிச் சரிவார் என்பது சின்னராசாவுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்?

"இனி ஒரு பிழை விட்டா இந்தச் சம்பந்தம் முறிஞ்சுபோம்" என்றாள் புவனேஸ். "பிறகு உங்கட மகன் கிழவனாகி உங்களோடதான் சுவரில சாய்ஞ்சு நிப்பான்."

பொன்னுருக்கும் வந்தது. மாப்பிள்ளை வீட்டில்தான் அந்தச் சடங்கு. முற்றத்தில் நகை செய்யும் பத்தர் உமிச்சட்டியோடு இருந்தார். தாலிக்கு உருக்கப்போகும் பவுண் காசைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்தார்கள். கடைசியில் தட்டு சின்னராசாவின் கையிலிருந்து யோகலிங்கத்தாரின் கைக்கு வரவேண்டும்.

இரண்டு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். இரண்டு பேரும் மற்றவர் முகத்தையே பார்த்தார்கள். தட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

பவுண் விழுந்தது. உருண்டு, சுற்றி, இருவரின் பெருவிரல்களுக்கும் நடுவில் சாய்ந்து படுத்தது.

சபை எட்டிப் பார்த்தது. தாலிப் பவுண் நிலத்தில் கிடக்கிறது. எடுக்கிறவர் தாழ்ந்தவர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள்.

"நீங்க எடுங்கோ" என்றார் சின்னராசா.

"விட்டது நீங்க."

"வாங்காமல் விட்டது ஆர்?"

புவனேஸின் முகத்தைப் பார்த்தார் யோகலிங்கத்தார். அழுதுவிடுவாள் போலிருந்தது. மகனுக்காக என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஒரு காலை முன்னே வைத்து, மறு முழங்காலை நிலத்தில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக்கொண்டு இறங்கினார். அதே நொடியில் சின்னராசாவும் மகளுக்காக இறங்கினார். இருவரும் மூக்குக்கு மூக்கு, முழங்காலுக்கு முழங்கால் நின்றார்கள். பிடித்து எழும்ப ஒரு கதிரை இல்லாமல் இரண்டு பேராலும் எழும்ப ஏலாது என்பது அப்போதுதான் இருவருக்கும் நினைவுக்கு வந்தது.

"காணும் இந்தக் கூத்து!" என்று கத்தினார் சின்னராசா. "என்ர வருத்தத்தைப் பாத்துப் பகிடி பண்ணிற வீட்டில நான் பொம்பிளை குடுக்க மாட்டன்!"

"என்ர வருத்தத்தை நீர்தானே..." என்று தொடங்கிய யோகலிங்கத்தார் நிறுத்தினார். "என்ன வருத்தம்?"

"மாஷா அல்லாஹ்!" என்று கேற்றடியில் ஒரு குரல் கேட்டது. இனிப்பு வட்டிலப்பச் சட்டியோடு ஷிஃபானா நின்றாள். "முதுகு கொஞ்சமும் வளையல்ல! ரெண்டு பேரும் வீட்டிலயும் ஒழுங்காச் செஞ்சிருக்கீங்க!"

இருவரும் திரும்பாமல், கண்ணை மட்டும் திருப்பினார்கள்.

"உமக்கும் முள்ளந்தண்டே?" என்றார் யோகலிங்கத்தார் மெதுவாக.

"ஓம்" என்றார் சின்னராசா. "பூசணிக்காய் தூக்கினனான். உமக்கு?"

"தும்மினனான்."

சின்னராசா அவருடைய மூக்கைப் பார்த்தார். "பெரிய தும்மலோ?"

"மான் ஓடினது."

தர்சன் இரண்டு கதிரை கொண்டுவந்தான். சம்பந்திகள் இருவரும் அவற்றைப் பிடித்து எழும்பி, ஒருவர் பட்டியை ஒருவர் தட்டிப்பார்த்தார்கள். பவுணைப் பத்தரே எடுத்துக்கொண்டார்.

"வெளியில தெரிஞ்சாக் கலியாணம் குழம்பும் எண்டு எவ்வளவு பாடுபட்டு மறைச்சனான்" என்றார் யோகலிங்கத்தார். பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. "அதுசரி பிள்ளை, உம்மை இஞ்சை ஆர் கூப்பிட்டது?"

ஷிஃபானா தர்சனைப் பார்த்தாள். தர்சன் கடல் இருக்கும் பக்கம் திரும்பினான்.

"என்னைக் கூப்பிடாம எப்பிடி, ஐயா? நீங்க பின் கேற்றால ஓடுவீங்க, சின்னராசா ஐயா அவர்ட முறை வரும்வரைக்கும் ஓட்டோவுக்குள்ள ஒளிச்சிருப்பார். முன் வாங்கில ஆறு மாசமாப் பக்கத்தில பக்கத்தில இருந்தது ஒங்கட மகனும் அவர்ட மகள் கீர்த்தனியும்தானே? தரகரைப் பிடிச்சு அனுப்பினதே அவங்கதான். ஒங்க ரெண்டு பேர்ட முள்ளந்தண்டும் உடையாட்டி, இந்தக் கலியாணமே இல்ல."