அரிசோனாக்காரரைக் குளிரில் சுற்றிக் காட்டும் முறை

பீலெஃபெல்ட்,
ஜெர்மனி. மார்கழி, ஞாயிறு பின்னேரம்.

மதிப்புக்குரிய மச்சான் குமாரசாமி அவர்களுக்கு,

பீலெஃபெல்டிலிருந்து தம்பித்துரை எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை புஷ்பராணியும் மூக்கை அடைக்கும் தடிமன் ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். இங்கிலாந்து ரெடிங்கில் நீங்களும் சுந்தரேஸ்வரி அக்காவும் அந்தத் தடிமனும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் தருபவர் அல்பேர்ட். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் அவரைப் பற்றி மனம்விட்டு எழுதுகிறேன். அவரையும் அவர் மனைவி ஹெலனையும் ஆதிரையின் கலியாணத்தில் கண்டிருக்கிறீர்கள். எங்கள் மகள் படிக்கும் காலத்தில் ஒரு வருடம் அரிசோனாவில் இவர்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைக்கும் முறையை எங்களிடம் போனில் கேட்டு, அதைப் பிழையாக வைத்து, வைத்ததைப் பக்கத்தில் இருந்து ஊட்டியும் விட்டவர்கள். அந்த நன்றிக்கு நாங்கள் என்ன செய்தாலும் போதாது. இவர்கள் முதலில் எங்களிடமும் பிறகு உங்களிடமும் வருகிறார்கள் என்றதும் நான் ஒரு திட்டம் போட்டேன், நீங்களும் ஒன்று போட்டீர்கள். உங்களுடையது நேற்று வட்ஸ்அப்பில் வந்தது. ஆறுதலாக இருந்து வாசித்தேன். மச்சான், மனம் நோகக்கூடாது. அதைக் கிழித்துவிடுங்கள்.

விடியற்காலையில் ஸ்டோன்ஹெஞ்சில் சூரியோதயம், மதியம் பாத் நகரில் ரோமர்கள் குளித்த இடம், மாலை வெயிலில் ஒக்ஸ்போர்ட் கோபுரங்கள், எல்லாம் ஒரே நாளில். மார்கழி மாதத்து இங்கிலாந்தில் மாலை வெயில் எங்கே இருக்கிறது? பின்னேரத் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கும்போதே இருட்டிவிடுகிறது என்று சுந்தரேஸ்வரி அக்கா குறைப்பட்டதை நான் மறக்கவில்லை. அடுத்த நாள் வின்ட்சர் கோட்டை. அதற்கடுத்த நாள் பிறைற்றன் கடற்கரை, அதுவும் காலாற நடப்பதற்கு. நீங்கள் கணக்காளராக இருந்தவர், எதையும் நிரல்படுத்தும் பழக்கம் உங்களுக்கு உண்டு. நானும் சமையலறை அலமாரி செய்யும் தொழிற்சாலையில் தலை நரைத்தவன்தான். மில்லிமீற்றர் பிசகாமல் ஒரு திட்டம் போட்டேன். அதற்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

முதலில் எங்கள் ஊர் மலைக்கோட்டை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தபடியால் நான் இவ்வளவு காலமும் அங்கே போனதில்லை. கோபுரமும் நிலவறையும் குளிர்காலம் முடியும்வரை பூட்டியிருக்கும் என்பது வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

“முதலே இன்ரநெற்றில பாத்திருக்கலாமெல்லே?” என்று புஷ்பராணி கேட்டாள்.

“பாத்தனான். கோடைகாலத்துக்கான பக்கத்தைப் பாத்திட்டன்” என்றேன்.

சரி, மேலிருந்து ஊரையாவது காட்டுவோம் என்று மதிலோரம் கூட்டிப் போனால், பனிமூட்டம். அது பழைய நகரம், இது தேவாலயம், அந்தப் பக்கம் எங்கள் வீடு என்று நான் கை நீட்டிய இடமெல்லாம் ஒரே வெள்ளை. அப்போது நாயோடு நடந்துவந்த ஒரு ஜெர்மன்காரர் எங்களைப் பார்த்து நின்றார். பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே கிடையாது, எல்லாம் கட்டுக்கதை என்று ஜெர்மனி முழுக்க ஒரு பகிடி இருப்பதை உங்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் அதை அல்பேர்ட்டுக்கு ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, “பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டதோடு சரி. நீங்கள் நேரில் வந்து உறுதிப்படுத்திவிட்டீர்கள்” என்றார். அல்பேர்ட் சிரித்த சிரிப்பில் நாய் மிரண்டு குரைத்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அல்பேர்ட் திரும்பி வரும் வழியில் பூட்டிய கதவின் முன்னால் நின்று, அதைக் கையால் தடவி, இதில் அடித்திருக்கும் ஆணிக்கு எங்கள் அரிசோனா மாநிலத்தைவிட வயது கூட இருக்கும் என்று ஹெலனைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கதவை இத்தனை மரியாதையோடு பார்த்த ஆளை நான் கண்டதில்லை. திறந்திருந்தால் நாங்கள் அதைத் தாண்டி உள்ளே போயிருப்போம். கதவை யார் பார்த்திருப்பார்கள்?

பிறகு பெரிய நகரத்துக் கிறிஸ்மஸ் சந்தை. ரயிலில் போனோம். ஜெர்மன் ரயில் பாதைகள் எப்படி நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போகின்றன என்பதை நான் ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தபடியால், ஜெர்மனில் சொன்ன அறிவிப்பு என் காதில் விழவில்லை. அந்த ரயில் பாதி வழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி ஒரு பக்கமும் போகும். சிறிது நேரத்தில் ரிக்கற் பரிசோதிக்க வந்த பெண் எங்களுடையதை வாங்கிப் பார்த்துவிட்டு, “நீங்கள் பின்பாதியில் இருக்கிறீர்கள். உங்கள் சந்தை முன்பாதியோடு போய்விட்டது” என்று மிகவும் அன்பாகச் சொன்னார்.

இறங்கிய ஊரின் பெயரை அங்கே இருந்தபோதும் எனக்கு உச்சரிக்க வரவில்லை. அது போன ஞாயிற்றுக்கிழமை, எல்லாக் கடையும் பூட்டு, திரும்பும் ரயில் வர நெடுநேரம். குளிர் என்றால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டிய குளிர். ஹெலன்தான் தெருமுனையில் புகையைக் கண்டார். அது தொண்டர் தீயணைப்புப் படையின் கொட்டகை. தீயணைப்பு வண்டியை வெளியே விட்டுவிட்டு, உள்ளே இருப்பதற்கு நீள வாங்குகளைப் போட்டு, பெரிய கிடாரத்தில் பட்டாணி சூப் காய்ச்சி, ஊர்ச்சனமெல்லாம் கூடியிருந்தது. எங்களைக் கண்டதும் நீங்கள் யார் என்றுகூடக் கேட்காமல் கிண்ணத்தை நீட்டினார்கள். வெறுங்கையோடு எப்படி வாங்குவது என்று புஷ்பராணி தன் பையிலிருந்து வழிக்குப் பொரித்துக் கட்டிக்கொண்டு வந்த ரோல்ஸை எடுத்தாள். தலையில் தொப்பியோடு நின்ற ஒரு பெரிய மீசைக்காரர் முதலில் ஒன்றை எடுத்தார்.

“கொஞ்சம் உறைக்கும் எண்டு சொல்லுங்கோ” என்றாள் புஷ்பராணி.

நான் அதை ஜெர்மனில் சொல்வதற்குள் அவர் பாதியைக் கடித்துவிட்டார். தீயணைப்பு வேலை பழகியவர் என்றபடியால் சமாளித்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டார். அதன் பிறகு அந்தக் கொட்டகையில் நாங்கள்தான் மாப்பிள்ளை வீட்டார். அல்பேர்ட்டின் தலையில் ஒரு தலைக்கவசத்தை மாட்டி, வண்டியின் முன்னிருக்கையில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். அவர்கள் ஜெர்மனில் பாட, அதே மெட்டில் இவர் ஆங்கிலத்தில் பாட, நானும் எனக்குத் தெரிந்த ஒலிகளை எழுப்பினேன். வந்த ரயில் எங்களை ஏற்றாமலே போய்விட்டது. அதற்கடுத்த ரயிலுக்கு அந்த மீசைக்காரர் எங்களைத் தன் காரில் கொண்டுவந்து விட்டார்.

கடைசியாக அம்மன் கோயில். இதில் எதுவும் பிழையாகப் போக வழியில்லை என்றுதான் நினைத்தேன். பூசை முடிந்து வெளியே வந்தால் அல்பேர்ட்டின் சப்பாத்து இல்லை. அதே கறுப்பு நிறத்தில் ஒரு சோடி கிடந்தது, ஆனால் அவருடைய காலில் பாதிதான் அதற்குள் போகும். அல்பேர்ட் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, சப்பாத்தை விட்டுக்கொடுப்பதும் வழிபாட்டில் ஒரு பகுதியா என்று பணிவாக என்னிடம் கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கோயில் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் நிஷாந்தன் என்ற குடும்பஸ்தர்.

“அண்ணை, பிறேக் மிதிக்கேக்கைதான் கால் உள்ளுக்க ஓடுறது தெரிஞ்சது. நான் இப்ப கெல்சென்கிர்ச்சனுக்குக் கிட்ட வந்திட்டன். அவரைக் கோவிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ, திரும்பி வாறன்.”

அவர் வரும்வரை அல்பேர்ட் என்னுடைய கம்பளிக் காலுறையைத் தன் காலுறைக்கு மேல் மாட்டிக்கொண்டு அன்னதான மண்டபத்தில் இருந்தார். சும்மா இருந்தாரா? இல்லை. பாயசம் பரிமாற ஆள் போதவில்லை என்று கண்டதும் ஹெலன் வாளியைத் தூக்க, இவர் கரண்டியைப் பிடித்தார். கேட்டவருக்கும் ஊற்றினார், வேண்டாம் என்று கையை மறித்தவருக்கும் ஊற்றினார். நிஷாந்தன் சப்பாத்தை நெஞ்சோடு அணைத்தபடி முகம் கறுத்து வந்து நின்றபோது அல்பேர்ட் அவரைக் கட்டிப்பிடித்து, “என்னைவிட என் சப்பாத்து ஜெர்மனியை அதிகம் பார்த்துவிட்டது” என்றார். பிறகு அவருக்கும் ஒரு கிண்ணம் பாயசம்.

மச்சான், நான் போட்ட திட்டத்தில் ஒன்றுகூட நினைத்தபடி நடக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் காலைச் சாப்பாட்டு மேசையில் அல்பேர்ட் என் முன்னால் வரைபடத்தை விரித்துவைத்து, இன்றைக்கு எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று கேட்பார். அந்தக் கேள்வியில் நேற்றைய சலிப்பு ஒரு துளியும் இருக்காது. எங்கள் ஆட்கள் வந்திருந்தால் கோட்டை பூட்டியிருந்ததை இன்னும் மூன்று தலைமுறைக்குச் சொல்லியிருப்பார்கள். இப்படிப்பட்ட மனிதர்களின் வீட்டில் எங்கள் பிள்ளை ஒரு வருடம் இருந்தாள் என்பதை நினைக்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆகவே ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சூரியன் எழுந்து, நீங்களும் எழுந்து, தேத்தண்ணியும் குடித்த பிறகு போங்கள். கல் எங்கேயும் ஓடிவிடாது. வின்ட்சர் பூட்டியிருந்தால் பூட்டைக் காட்டுங்கள். பாத்துக்கு ரயிலில் போவதென்றால் எந்தப் பெட்டி என்று பார்க்காமல் ஏறுங்கள். பிறைற்றனில் மழை அடித்தால் குடையை விரிக்காதீர்கள். குளிரைப் பற்றி மட்டும் யோசிக்கவே வேண்டாம். பாலைவனத்தில் இருந்து வந்தவர்களுக்குக் குளிர் ஒரு விருந்து. யன்னலைக் கொஞ்சம் திறந்தும் வைக்கலாம்.

வருகிற வருடம் உங்கள் முழங்கால் படிகளுக்கு அஞ்சாமலும், அக்காவின் தோட்டம் உறைபனிக்கு அஞ்சாமலும் இருக்க அம்மன் அருள் கிடைக்கட்டும். அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
ம. தம்பித்துரை

பி.கு.: அண்ணை, இது புஷ்பராணி. கடிதத்தை ஒட்டச் சொல்லி இவர் தந்தவர், நான் வாசிச்சுப்போட்டுத்தான் ஒட்டுறன். இவர் சொல்லுற ஒண்டையும் செய்யாதேங்கோ. பாவம், அதுகள் ரெண்டுக்கும் குளிர் கொஞ்சமும் ஏலாது. ஹெலன் ஒவ்வொரு நாளும் வந்து குசினி அடுப்புக்குப் பக்கத்தில நிண்டுதான் விறைப்பு எடுக்கிறவ. நேற்று அப்பிடி நிக்கேக்கை எனக்கு ஒரு கதை சொன்னவ. பென்சன் எடுத்த நாளில இருந்து அப்பா வெளியில இறங்கிறேல்லை, ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை எண்டு ஆதிரை அவைக்குச் சொல்லி அழுதவளாம். அதைக் கேட்டிட்டுத்தான் அல்பேர்ட் இந்தக் குளிருக்குள்ள ரிக்கற் போட்டவராம். கோட்டையும் சந்தையும் அவைக்கு ஒரு பொருட்டே இல்லை, அண்ணை. நாங்கள் அவையைச் சுத்திக் காட்டேல்லை, அவைதான் இவரைச் சுத்திக் காட்டினவை. இவரும் இந்தக் கிழமை முழுக்க வாய் ஓயாமல் கதைச்சார். நீங்கள் வீட்டுச் சூட்டைக் கூட்டி வையுங்கோ, உங்கட திட்டத்தையும் அப்பிடியே வையுங்கோ. நாலாம் நாள் இவருக்குப் போன் எடுத்து, எல்லாம் குழம்பிப்போச்சு, நீங்கள் வந்தாத்தான் சரிவரும் எண்டு சொல்லுங்கோ. அங்க வர எங்கட ரெண்டு பேற்ற ரிக்கற்றையும் ஆதிரை எடுத்திட்டாள். நீங்கள் கூப்பிட்டுத்தான் வாறார் எண்டு இருக்கட்டும்.