கறுப்புத் திரை கேட்ட கேள்விகள்

சின்ன அறையை மச்சினனுக்குக் கொடுப்பதில்லை என்று சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போதே டிரைவிங் மாஸ்டர் முடிவு செய்துவிட்டார். தலையே போனாலும் இல்லை. மூன்று மாதம் தங்க வருகிறானாம். தனியாக வந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், டிரம்ஸோடு வருகிறான்.

வெளியில் புலி, வீட்டில் எலி என்பார்களே, மாஸ்டர் அந்த ஜாதி. வண்டியில் அவர் ‘பிரேக்’ என்றால் எதிரே வருகிற வண்டியும் நிற்கும். வீட்டில் ஸ்டியரிங் வேறு கையில் இருந்தது. மனைவியிடம் நேருக்கு நேர் மறுத்து இருபது வருடத்தில் ஒருமுறையும் ஜெயித்ததில்லை. அதனால் இந்தத் தடவை ஒரு காரணத்தோடு இறங்கினார்.

“இந்த ரூம் இனிமே என் ஆபீஸ். வண்டி கத்துக்க வர்றவங்க போன்லயே கிளாஸ் புக் பண்ண ஒரு ஆப் செய்யப் போறேன்.”

“நீங்களா? காலையில அலாரத்தை நிறுத்தவே என்னைத்தானே எழுப்புறீங்க?”

“அது வேற டிபார்ட்மெண்ட். நான் வீடியோ பார்த்துட்டேன். கறுப்புத் திரையில ஒரே ஒரு வரி கட்டளை அடிக்கணும். நடுவுல அது நாலு கேள்வி கேட்கும், பதில் சொல்லணும். மத்தியானத்துக்குள்ள ஆப்போட முதல் பக்கம் என் போன்ல வந்துடும். வந்துட்டா ரூம் எனக்கு.”

“சரி,” என்றாள் மனைவி.

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றதற்கே மாஸ்டர் உஷாராகியிருக்க வேண்டும். கட்டளை போடப்போகிற சந்தோஷத்தில் அது அவர் மண்டையில் ஏறவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். ஒற்றை விரலால்தான் டைப் அடிப்பார். எழுத்தைத் தேடுகிற கண் திரைப் பக்கம் போகவே போகாது. கட்டளையை அடித்து என்டரைத் தட்டினார். சிவப்பில் ஒரு வரி வந்தது. பலமாகத் தட்டினார். அதே சிவப்பு. அரைமணி நேரம் தட்டினார். மனைவி டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“தட்டிக்கிட்டே இருந்தா எப்படி? என்ன சொல்லுதுன்னு படிக்க வேணாமா? ஆப்புக்கு வச்ச பேர்ல பெரிய எழுத்து கூடாதாம். எல்லாம் சின்ன எழுத்தா போடணுமாம்.”

“நான் செய்ற ஆப்புலகூட எனக்குப் பெரிய எழுத்து கிடையாதா?”

புலம்பிக்கொண்டே மாற்றினார். திரை மளமளவென்று ஓடியது. மனைவி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நீங்க கீபோர்டைப் பாருங்க. கேள்வியை நான் படிக்கிறேன்.”

அவளுக்கு ஆஸ்பத்திரியில் அட்மிஷன் கவுண்டரில் வேலை. பெயர், வயது, ஒத்துக்கொள்ளாத மருந்து என்று நாள் முழுக்க ஏற்ற இறக்கம் இல்லாமல் கேட்டுப் பழகிய குரல். அந்தக் குரல் கேட்டால் யாருக்கும் யோசிக்கத் தோன்றாது.

“வெறும் பக்கமா, மாதிரிப் பக்கமா?”

“வெறும் பக்கம்.”

“இன்னும் சில ஃபைல்களை இறக்கலாமா?”

“இறக்கலாம்.”

“விதிமுறைகளை எல்லாம் ஏத்துக்கிறீங்களா?”

“கல்யாணத்தன்னிக்கே ஏத்துக்கிட்டாச்சு. சம்மதம்.”

“பழைய ஃபைலை அழிக்கலாமா?”

“சம்மதம்.”

“கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளலாமா?”

“சம்மதம்.”

“தகவல் சேகரிக்கலாமா?”

“சம்மதம்.”

“அலமாரியில பாதியைக் காலி பண்ணலாமா?”

“சம்மதம்.”

“திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு நீங்களே போய்க் கூட்டிட்டு வருவீங்களா?”

“சம்மதம், சம்மதம்! இன்னும் எத்தனை இருக்கு?”

“அவ்வளவுதான்.”

மாஸ்டரின் போன் மின்னியது. வெள்ளைப் பக்கத்தின் நடுவே ‘வணக்கம்’ என்று ஒரு சொல். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போட்ட கட்டளைக்கு இந்த வீட்டில் முதன்முதலாக ஒன்று கீழ்ப்படிந்திருக்கிறது!

“ரூம் எனக்கு!”

“தாராளமா. ஆனா கட்டிலைத் தள்ளவும் அலமாரியைக் காலி பண்ணவும் தம்பியைக் கூட்டிட்டு வரவும் இப்பத்தானே சம்மதிச்சீங்க?”

“அதெல்லாம் மெஷின் கேட்ட கேள்வி!”

“மெஷினுக்கு எதுக்குங்க கட்டில்?”

மாஸ்டர் யோசித்தார். முதலில் காது சிவந்தது, பிறகு மூக்கு. இருபது வருட ஆத்திரம் ஒன்றாகப் பொங்கி வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

“சம்மதம் சம்மதம்னு சொல்லித்தான் நான் இந்தக் கதியில இருக்கேன்! அது எதுவும் செல்லாது. இனிமே நீ என்ன கேட்டாலும் என் பதில் ஒண்ணுதான். கூடாது!”

“டீ ஆறிப்போச்சே, வேற போடட்டுமா?”

“கூடாது!” தொண்டை வறண்டிருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டார்.

“கட்டிலை நான் தள்ளட்டுமா?”

“கூடாது!”

சொல்லச் சொல்ல ருசித்தது. நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை வருடம் இந்தச் சொல்லை ஏன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தோம் என்று இருந்தது.

மனைவி தன் போனை எடுத்து எண்ணைத் தட்டிக் காதில் வைத்தபடி, அதே கவுண்டர் குரலில் கேட்டாள்.

“அப்ப தம்பியை வர வேண்டாம்னு சொல்லிடட்டுமா?”

“கூடாது!”

சொன்ன பிறகுதான் மாஸ்டருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் லைன் கிடைத்துவிட்டது.

“டேய் தம்பி, உன்னை வர வேண்டாம்னு சொல்லிடட்டுமான்னு நானே மாமாகிட்ட கேட்டுப் பார்த்துட்டேன்டா. கூடவே கூடாதுன்னு மனுஷன் ஒத்தைக் கால்ல நிக்கிறாரு!”