லட்சம் குதிரையும் ஓர் அண்டாச் சோறும்

காதலிப்பவனுக்குக் கணக்கு வராது. கணக்கு வருகிறவன் காதலிக்க மாட்டான். எனக்கு இரண்டும் அரைகுறையாக வந்தன. அதுதான் வினை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவின் பேராக் ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் ஈப்போவில் ஒரு மின்சார ஆபீசில் கடைநிலைக் கிராணி, அதாவது குமாஸ்தா. (அணைக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், ஆற்றுக்கும் கரையில் மேயும் ஆட்டுக்கும் உள்ளதுதான்.) ஆனால் ஞாயிறுதோறும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் பூசை காணச் சைக்கிள் மிதிக்கும்போது, அணையை நானே தோளில் சுமந்து போவதாக நினைப்பு. ஈப்போவிலும் மாதா கோயில் இருந்தது. அங்கே பிலோமினா இல்லை.

அவள் அப்பா சவரிமுத்து, தோட்டத்து ஆலையில் எஞ்சின் ஓட்டுபவர். விறகு நெருப்பைத் தவிர வேறெதையும் நம்பாதவர்.

“தம்பி, ஒங்க கரண்டு வெளக்கெரிக்கும், சரி. சோறாக்குமா?”

“மாமா, ஒரு லட்சம் குதிரைசக்தின்னு வச்சுக்குங்க. சூட்டுக் கணக்குல அது இருபத்தஞ்சு கோடியே நாப்பத்தஞ்சு லட்சம் பி.டி.யு. அதுவும் ஒரே நிமிஷத்துல.” (மாமா என்று கூப்பிட அவர் இன்னும் உத்தரவு தரவில்லை.)

“அது என்னாது பி.டி.யு.?”

“ஒரு ராத்தல் தண்ணிய ஒரு டிகிரி ஏத்துற சூடு.”

உள்ளே மிளகாய் அரைக்கும் சத்தம் நின்றது. பிலோமினா கேட்கிறாள். அப்புறம் என்ன, கோடிகளை வாரி இறைத்தேன்.

சவரிமுத்து பொறுமையாகக் கேட்டார். “லட்சம் குதிரைய வுடுங்க. நம்ம ஆலை டைனமோ பத்துக் குதிரை. அந்தோணியார் திருநாள் அசன விருந்துக்கு அதுல சோறாக்கிக் காட்டுங்க. பந்தி காத்துக் கெடக்காம சோறு வந்தா, ஒங்க வீட்டு ஆளுங்களோட வாங்க, பேசுவோம். இல்லேன்னா தைப்பிங் மாப்புள ஒருத்தன் கேட்டுட்டு இருக்கான்லா.”

கணக்குப் போட்டேன். அண்டாவில் ஐந்நூறு ராத்தல் தண்ணீர். கொதிக்க அறுபத்தாறாயிரம் பி.டி.யு. வேண்டும். பத்துக் குதிரை தருவதோ இருபத்தையாயிரத்து நானூற்று ஐம்பது. வகுத்தால் இரண்டரை நிமிடத்துக்குச் சற்று மேல். விறகு எதற்கு? திருப்பி அனுப்பச் சொன்னேன். பந்தியை உட்கார வைத்துப் பிரார்த்தனை தொடங்கட்டும், முடிவதற்குள் சோறு வரும் என்றும் சொன்னேன். அந்தத் தோட்டத்தில் அசனத்துக்கு இலை போட்டு ஜெபம் சொல்லிவிட்டால், சாப்பிடாமல் யாரும் எழக் கூடாது.

ஆபீஸ் பட்டறையில் இரவல் வாங்கிய சூடேற்றும் கம்பிச் சுருள்களை அண்டாவில் இறக்கினேன். சவரிமுத்து ஆலைக் கொட்டகையின் அந்தக் கோடியில் எஞ்சினை முடுக்கினார். கொதித்ததும் ஓடிவந்து சொல்ல, மகளை அண்டா பக்கம் உட்கார வைத்தார். நான் சுவிட்சைப் போட்டேன்.

தண்ணீர் சும்மா இருந்தது. பிரார்த்தனை முடிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. பூசைக்கு உதவும் கோயில் பிள்ளை வந்து எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, பாட்டெல்லாம் தீந்துபோச்சு. இப்ப கிறிஸ்மஸ் பாட்டு ஓடுது.”

அது ஜூன் மாதம்.

பிலோமினா தண்ணீரில் விரலை விட்டாள். “புள்ளைய குளிப்பாட்டலாம்” என்றாள். பிறகு மெதுவாக, “ஒங்க ஆபீசுல ஒரு நிமிஷம்னா எவ்வளவு நேரம்?”

பையிலிருந்த ஆபீஸ் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் அந்த எண் ஒரு மணி நேரத்துக்கு என்றுதான் இருந்தது. நிமிடத்துக்கு, ஒரு குதிரைக்கு, வெறும் நாற்பத்திரண்டு. அதைச் சொல்லிப் பெண் கேட்க முடியுமா? என் புத்தி பெரிய எண்ணுக்கும் சின்ன நேரத்துக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டது. மொத்தம் இரண்டரை மணி நேரம் ஆகும். விறகும் இல்லை.

எஞ்சின் சத்தத்தில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. முதன்முறையாகப் பேசினோம். ஈப்போ தெருவிளக்கில் ஈசல் விழுமா என்று கேட்டாள். தைப்பிங்காரர் பெண் பார்க்க வந்து குழம்பைத்தான் பார்த்தார் என்றாள். அப்புறம் குனிந்துகொண்டு, “தைப்பிங்குல தெனம் மழையாமே. எனக்கு மழை புடிக்காது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மழை பெய்தால்தான் அணை நிரம்பும் என்று விளக்கினேன். குதிரைசக்தியோடு.

அவள் அண்டாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பதற்றத்தில், கொதிக்கும் முன்பே வெதுவெதுப்பான தண்ணீரில் அரிசியைக் கொட்டியிருந்தேன். கடைசியில் வந்தது சோறல்ல, சுவரொட்டி ஒட்டும் பசை. எழக் கூடாத பந்தி அதையே தின்றது. சவரிமுத்து திட்டவில்லை. கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாப்புட்டுப் போங்க, தம்பி” என்றார். ‘போங்க’ மட்டும்தான் எனக்குக் கேட்டது.

பிலோமினா தைப்பிங்குக்குப் போனாள். என் மனைவிக்குக் கதை முழுக்கத் தெரியும். நானே சொன்னதுதான். எங்கள் வீட்டில் ‘அண்டா நிமிஷம்’ என்றால் ஒரு மணி நேரம். ‘ஒரு நிமிஷத்துல வாரேன்’ என்று நான் கிளம்பினால், “எந்த நிமிஷம்?” என்று பேரப்பிள்ளைகள்வரை கேட்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் விறகிலேயே சோறு வெந்திருக்கும். அந்த மத்தியானம் எனக்குக் கிடைத்திருக்காது. இதை மட்டும் வீட்டில் சொன்னதில்லை.

சொல்லாவிட்டாலும் மனைவிக்குத் தெரியும் போலிருக்கிறது. மழை பெய்கிற நாளில் அந்தக் கிண்டலை அவள் செய்வதே இல்லை.